முப்பது மார்க்

நீங்கள் எப்போதாவது நீதிபதியாக உட்கார்ந்ததுண்டா? கோர்ட்டில் அல்ல, அதற்குப் படிப்பு வேண்டும். நான் சொல்வது பிளாஸ்டிக் நாற்காலி நீதிபதி. மடியில் ஒரு காகிதம், கையில் ஒரு பேனா, எதிரே மேடை. ஆடுகிறவர்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் மார்க் போட வேண்டியதுதான் வேலை. இதற்கு ஒரு படிப்பும் வேண்டாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படியே நினைத்திருந்தேன், 2024-ஆம் வருஷம் காணும் பொங்கலன்று சாயங்காலம் வரையில்.

எங்கள் வீடு ஊரப்பாக்கத்தில் இருக்கிறது. வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஊர். ஏரியும் வயலுமாக இருந்த இடங்களில் இப்போது அடுக்குமாடி வீடுகள் எழும்பியிருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு குடியிருப்பில்தான் நாங்களும் குடியேறினோம். வருஷந்தோறும் காணும் பொங்கலன்று கார்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, கீழ்த்தளத்தில் ஜமக்காளம் விரித்து, நாற்காலி போட்டு, ஒரு கதம்ப நிகழ்ச்சி நடத்துவது வழக்கம். பாட்டு, நடனம், நாடகம், மிமிக்ரி என்று யாருக்கு எது வருமோ அதைச் செய்யலாம். மூன்று பரிசுகள் உண்டு. முதல் பரிசு ஒரு வெள்ளிக் கோப்பை. வெள்ளி என்றால் வெள்ளி நிறம்.

அந்த வருஷம் இரண்டு நீதிபதிகள் என்று ஏற்பாடு. ஒருவர் தாம்பரத்திலிருந்து வரவேண்டிய பாட்டு வாத்தியார் அம்மாள். இன்னொருவர் நான். "மாமி, நீங்க நிறையக் கச்சேரி கேட்கிறவங்க, நாடகம் பார்க்கிறவங்க. சும்மா பக்கத்திலே உட்கார்ந்திருங்க, போதும்" என்று சங்கத்துச் செயலாளர் சொல்லி என்னைச் சம்மதிக்க வைத்தார். ஆனால் காணும் பொங்கலன்று வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கு வருகிற கூட்டம் உங்களுக்குத் தெரியுமே! அந்தக் கூட்டத்தில் பாட்டு வாத்தியார் அம்மாளின் ஆட்டோ அகப்பட்டுக்கொண்டது. ஆறு மணிக்கு டெலிபோன் வந்தது. "இங்கேயே ஒரு மணி நேரமாக நிற்கிறேன். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். ஆகவே நான் ஒருத்தியே நீதிபதி, நான் ஒருத்தியே ஜூரி.

மார்க் போடும் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முந்தைய வருஷம் பாட்டுப் போட்டிக்கு அச்சடித்தது மீதம் இருந்ததாம். அதில் ஐந்து கட்டங்கள்: சுருதி, தாளம், பாவம், உடை, சபையின் வரவேற்பு. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். ஆகமொத்தம் ஐம்பது.

நிகழ்ச்சி நிரலில் ஒன்பது உருப்படிகள். முதலாவது, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் பந்துகளை வீசிப் பிடிக்கும் வித்தை. இரண்டாவது, சகோதரிகள் இருவர் சேர்ந்து பாடுவது. மூன்றாவது, தண்ணீர் லாரியைப் பற்றிய சிறு நாடகம். நான்காவது, ஒரு சிறுமியின் பரத நாட்டியம். ஐந்தாவது, மிமிக்ரி. பிறகு காப்பிக்கு இடைவேளை. ஆறாவது, கீபோர்டு. ஏழாவது, நகைச்சுவைப் பேச்சு. எட்டாவது, எட்டு இளைஞர்களின் சினிமா டான்ஸ். ஒன்பதாவது, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரின் மாயாஜாலம்.

இனி நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதல் நிகழ்ச்சி ஆரம்பமானபோது நான் என் கைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடி மாமி என் புடவையைத் தொட்டுப் பார்த்து, "எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். செயலாளர் என் தலைக்கு மேலாக யாரையோ பார்த்து, "அந்த ஃபேனை இந்தப் பக்கம் திருப்புப்பா!" என்று கத்தினார். பின்னால் நாற்காலிகளை இழுக்கிற சத்தம். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால், பையன் கும்பிட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருக்கிறான்!

காகிதத்தைப் பார்த்தேன். பந்து வித்தைக்குச் சுருதி ஏது? தாளம் வேண்டுமானால் இருக்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு ஆறாகப் போட்டேன். ஐந்தாறு முப்பது. முப்பது என்பது ஒரு சௌகரியமான எண், பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். யாருக்கும் பரிசும் கிடைக்காது.

மற்றவற்றைக் கவனமாகத்தான் பார்த்தேன். சகோதரிகள் நன்றாகப் பாடினார்கள். தங்கைக்கு மேல் ஸ்தாயியில் மூச்சு முட்டியபோது அக்காள் தன் குரலைச் சற்று உயர்த்தி அதை மூடிவிட்டாள். அதைக் கண்டு மகிழ்ந்து ஒரு மார்க் கூடவே போட்டேன். பரத நாட்டியமாடிய சிறுமிக்குச் சலங்கை அவிழ்ந்துபோயிற்று. அவள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. எட்டாவதாக இளைஞர்கள் வந்தபோது கட்டடமே அதிர்ந்தது. விசில் பறந்தது. எல்லோரும் செல்போன் விளக்கைத் தூக்கி ஆட்டினார்கள். சபையின் வரவேற்பு பத்துக்குப் பத்து!

ஒன்பதாவது வந்தபோது சாம்பார் சாதத்தின் வாசனையும் வந்துவிட்டது. ஜனங்கள் எழுந்து தட்டு எடுக்கப் போனார்கள். நான் தலையைக் குனிந்து கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன். பெரியவர் எதையோ எடுத்தார், எதையோ மறைத்தார். அவருக்கும் சௌகரியமாக முப்பது போட்டேன்.

டான்ஸ் இளைஞர்களுக்கு நாற்பத்தாறு; சகோதரிகளுக்கு நாற்பத்து மூன்று; பரத நாட்டியத்துக்கு நாற்பத்திரண்டு. மூன்று பரிசும் முடிந்துவிட்டன. காகிதத்தை மடித்துச் செயலாளரிடம் கொடுக்கப் போகும்போது, மாயாஜாலப் பெரியவர் என் எதிரே வந்து நின்றார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, எனக்கு எத்தனை மார்க் என்று கேட்க வரவில்லை. முதலில் வந்த பையனுக்கு எத்தனை?"

"முப்பது" என்றேன்.

"எதைப் பார்த்துப் போட்டீர்கள்?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் மேடைக்குப் பக்கத்தில் என் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை நாலு பந்தை வீசினான். நாற்பது வரை எண்ணினேன்; ஒன்றுகூடக் கீழே விழவில்லை. அவனைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன்." பிறகு சற்றே சிரித்து, "எனக்கும் முப்பதுதானே?" என்றார்.

என்ன செய்வது, சொல்லுங்கள்! பேசாமல் இருந்திருக்கலாம். இது ஒரு குடியிருப்பின் பொங்கல் விழா. உலகம் மூழ்கிவிடப் போவதில்லை. செயலாளரும் அதைத்தான் சொன்னார்: "விடுங்க மாமி, எதுக்கு வம்பு? முதல் உருப்படி எப்பவும் அப்படித்தான்." அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைச் சுட்டது. எப்பவும் அப்படித்தான் என்றால், முதலில் போடப்பட்டவன் மேடைக்கு வருமுன்பே தோற்றுப்போனவன் என்றல்லவா அர்த்தம்?

மைக்கை வாங்கினேன். "முதல் நிகழ்ச்சியையும் கடைசி நிகழ்ச்சியையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது. இரண்டையும் மறுபடி செய்துகாட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்" என்றேன். பெரியவர் தமக்கு வேண்டாமென்று கையசைத்துவிட்டார். ரகசியம் தெரிந்த வித்தையை ஒரே இரவில் இரண்டாந்தரம் காட்டக் கூடாதாம். பையன் மட்டும் மேடைக்கு வந்தான். இந்தத் தடவை எல்லோரும் பார்த்தார்கள். சாப்பாட்டுத் தட்டோடு நின்றவர்களும் பார்த்தார்கள். ஊசி விழுந்தால் கேட்கும் நிசப்தம்.

மூன்று பந்துகள் அழகாகச் சுழன்றன. நாலாவது சேர்ந்தது. ஐந்தாறு சுற்று வந்திருக்கும்; ஒரு பந்து அவன் விரலில் பட்டுத் தெறித்து நாற்காலிகளுக்கு அடியில் உருண்டோடிவிட்டது. எல்லோரும் "அடடா!" என்றார்கள். மறுபடியும் தொடங்கினான். மறுபடியும் விழுந்தது. அவன் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான். அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

காகிதத்தில் அவன் பெயருக்கு எதிரே இருந்த முப்பதை அடித்துவிட்டு, 'பார்க்கவில்லை' என்று எழுதினேன். பெரியவருக்கும் அப்படியே. கோப்பை இளைஞர்களுக்கே போயிற்று. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நம் பம்மல் சம்பந்த முதலியாரை உங்களுக்குத் தெரியும். 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி, நாடகம் எழுதி, தாமே நடித்தவர். அவரே சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாகவும் இருந்தார். மேடையையும் நீதிபதி ஆசனத்தையும் ஒருங்கே அறிந்தவர் அவர். எனக்கு இரண்டும் தெரியாது. ஆனால் ஒரு வித்தியாசம் அன்று எனக்கும் புரிந்தது. கோர்ட்டில் சாட்சியை மறுபடி கூப்பிடலாம். தீர்ப்பு தவறினால் மேல் கோர்ட்டுக்குப் போகலாம். மேடையில் நடந்துபோனதற்கு அப்பீல் கிடையாது. அந்த நாற்பது வீச்சும் காற்றோடு போயிற்று. மறுபடி கூப்பிட்டதில் வந்தது வேறு ஒரு நிகழ்ச்சி. என்னால் பதற்றமடைந்த ஒரு பையனின் நிகழ்ச்சி.

மனசு ஆறாமல், இப்படிப் பலரகமான நிகழ்ச்சிகளைத் தராசில் நிறுத்த உலகத்தில் யாராவது வழி கண்டிருக்கிறார்களா என்று படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் 'வாட்வில்' என்று ஒன்று இருந்திருக்கிறது. 1880-களிலிருந்து சுமார் ஐம்பது வருஷம் ஓங்கி இருந்து, பிறகு சினிமாவாலும் ரேடியோவாலும் மறைந்தது. நம் கதம்ப நிகழ்ச்சியேதான்! ஒரே டிக்கெட்டில் பாட்டு, நடனம், கரணம், நாய் வித்தை, நாடகம், ஹாஸ்யம் எல்லாம். பாஸ்டன் நகரத்தில் தொடங்கிய பி. எஃப். கீத் என்பவர் ஊர் ஊராகக் கொட்டகை வைத்தார். பெண்களும் குழந்தைகளும் கூசாமல் வந்து உட்கார வேண்டுமென்பது அவருடைய கொள்கை. ஆபாசமாக ஒரு வார்த்தை வந்தால்கூட வெட்டிவிடுவார்கள்.

அங்கே ஒவ்வொரு கொட்டகை மானேஜரும் ஒரு நீதிபதி. திங்கட்கிழமை பகல் காட்சியில் புதுக் கோஷ்டிகள் மேடையேறும். மானேஜர் உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிஷம், மேடையில் எவ்வளவு இடம் பிடித்தது, ஜனங்கள் எப்படி ஏற்றார்கள், எதை வெட்ட வேண்டும் என்று தலைமை ஆபீசுக்கு எழுதி அனுப்பிவிடுவார். அந்தக் குறிப்புகள் அடங்கிய புத்தகங்கள் ஐயோவா பல்கலைக்கழகத்தில் இன்றும் இருக்கின்றன. அவர் எழுதும் இரண்டு வரியில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு அடங்கியிருந்தது. நன்றாக எழுதினால் அடுத்த ஊரில் நல்ல இடம், நல்ல சம்பளம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நல்ல இடம் என்றேனே, அதைச் சற்றுக் கவனியுங்கள். 1913-இல் நியூயார்க்கில் திறந்த பாலஸ் தியேட்டர்தான் வாட்வில்காரர்களுக்குக் காசி, ராமேசுவரம் எல்லாம். அதற்கு நிகழ்ச்சி அமைத்துக் கொடுத்த ஜார்ஜ் காட்லீப் என்பவர் ஒன்பது உருப்படிகளை அடுக்கும் முறையை விளக்கியிருக்கிறார். 1915-இல் வெளிவந்த ஒரு புத்தகத்தில் அது இருக்கிறது. முதலாவது, பேச்சே இல்லாத உருப்படியாக இருக்க வேண்டும்: ஒரு நடனம், அல்லது பிராணிகளின் வித்தை. ஏன் தெரியுமா? அந்த நேரத்தில் ஜனங்கள் வந்துகொண்டும் நாற்காலி தேடிக்கொண்டும் இருப்பார்கள். பேசினால் காதில் விழாது! இடைவேளைக்கு முன் ஒரு பெரிய பெயர். கடைசிக்கு முந்தைய இடம், எட்டாவது, நட்சத்திரத்துக்கு. ஒன்பதாவது, எழுந்து போகிறவர்களும் ஒரு கண் பார்க்கும்படி ஏதாவது பகட்டான காட்சி.

படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் செயலாளர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கண்டவரல்ல. ஆனாலும் பந்து வித்தையை முதலிலும், டான்ஸை எட்டாவதிலும், மாயாஜாலத்தை ஒன்பதாவதிலும் போட்டிருந்தார்! கூட்டத்தின் இயல்பு நியூயார்க்கிலும் ஒன்று, ஊரப்பாக்கத்திலும் ஒன்று.

ஆனால் ஒரு பெரிய பேதம் இருக்கிறது. அந்த மானேஜருக்கு முதல் இடம் எப்படிப்பட்ட இடம் என்பது தெரியும். நாற்காலி சத்தத்தில் ஒருவன் தாக்குப்பிடித்தான் என்றால் அதற்குத் தனி மதிப்பு. எட்டாவது இடத்தில் வருகிறவனுக்குக் கைதட்டலில் பாதி, அவனுக்கு முன் வந்த ஏழு பேர் சூடேற்றி வைத்தது. நான் போட்ட பத்துக்குப் பத்தில் எத்தனை அந்த எட்டு இளைஞர்களுடையது, எத்தனை அந்த இடத்தினுடையது?

இடம் மனிதரின் தலைவிதியையே மாற்றியதும் உண்டு. நியூயார்க்கில் அப்பல்லோ தியேட்டரில், 1934-இல், புதியவர்களுக்கான போட்டி ஒன்று தொடங்கினார்கள். அங்கே தீர்ப்பு ஜனங்களுடைய கைதட்டல்தான். அந்த வருஷம் நவம்பரில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி நடனம் ஆடுவதற்காக வந்தாள். அவளுக்குச் சற்று முன்பு மேடையில் இரண்டு சகோதரிகள் பிரமாதமாக ஆடிவிட்டார்கள். இவர்களுக்குப் பிறகு நான் ஆடுவதா என்று பயந்து, அந்தக் கணத்தில் தீர்மானித்துப் பாடிவிட்டாள். முதல் பரிசும் பெற்றாள். அவள்தான் பிற்காலத்தில் உலகம் கொண்டாடிய எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு. நிகழ்ச்சி நிரலில் வரிசை மாறியிருந்தால் அந்தக் குரல் எப்போது வெளிப்பட்டிருக்குமோ!

நம் ஊரிலும் இந்த வரிசை சாஸ்திரம் உண்டு. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். நடிகர்களை ஊர் ஊரிலிருந்து தனித்தனியாக, 'ஸ்பெஷலாக' அமர்த்துவார்கள், ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்குமேல் ஆரம்பித்து விடியும் வரை நடக்கும். முதலில் வருகிறவர் ராஜபார்ட் அல்ல, பபூன்! ஊர் ஜனங்கள் பாயை விரித்து, குழந்தையைத் தூங்கப் பண்ணி, வெற்றிலையை மடித்து முடிக்கிற வரையில் அவர்தான் தனியாளாக நின்று சபையைக் கட்ட வேண்டும். பிறகு நடனக்காரி வருவாள். ராஜாவும் ராணியும் வருவதற்குள், ஜனங்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி உட்கார வைத்த புண்ணியம் பபூனுடையது. ஆனால் பேர் ராஜபார்ட்டுக்கு. தமிழின் முதல் பேசும் படமென்று நாம் கொண்டாடும் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-இல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளிவந்தபோதுகூட அது தனியாக வரவில்லை. டி. பி. ராஜலக்ஷ்மியின் குறத்தி நடனம் போன்ற துண்டுப் படங்களையும் சேர்த்துத்தான் காட்டினார்கள். கதம்பம் நமக்குப் புதிதல்ல.

இதற்கெல்லாம் நேர் எதிரானது சிலப்பதிகாரத்து மாதவியின் அரங்கேற்றம். ஐந்து வயதில் தொடங்கி ஏழு வருஷம் பயின்றவள். அளந்து கட்டிய அரங்கில், அரசன் எதிரே அமர்ந்து பார்க்க ஆடினாள். தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்மாலையும் பெற்றாள். அங்கே நாற்காலி இழுக்கும் சத்தமில்லை. அரசனும் மூக்குக்கண்ணாடி தேடவில்லை.

பந்து வித்தைக்கு என்ன மார்க் போடுவது என்று நான் விழித்தேனே, அதற்கும் ஒரு பெரிய மனிதர் விடை எழுதிவைத்திருக்கிறார். ஹாஸ்லிட் என்ற ஆங்கிலக் கட்டுரையாசிரியர் லண்டனில் இந்திய வித்தைக்காரர்களைப் பார்த்துவிட்டு, 1821-இல் வெளிவந்த தமது கட்டுரைத் தொகுதியில் அவர்களைப் பற்றி எழுதினார். வெள்ளை உடையும் தலைப்பாகையுமாக ஒருவர் தரையில் உட்கார்ந்து நாலு பித்தளைப் பந்துகளை ஒரே சமயத்தில் சுழற்றுகிறார். அதைப் பார்த்த ஹாஸ்லிட்டுக்கு வெட்கமாகிவிட்டதாம். இவ்வளவு பிழையில்லாமல் நான் எதையாவது செய்ததுண்டா என்று தம்மைத்தாமே கேட்டுக்கொள்கிறார். எழுத்தில் ஓட்டை இருந்தால் மழுப்பிவிடலாம். பந்து விழுந்தால் விழுந்ததுதான். அந்தக் காலத்தில் லண்டனில் பெரும் புகழ் பெற்றிருந்த இந்திய வித்தைக்காரர் ஒருவரை 'ராமோ சாமி' என்று அழைத்தார்கள். கேட்டவுடனேயே தெரியவில்லையா, நம் பக்கத்து ராமசாமிதான்! அமெரிக்கா வரை போய் வித்தை காட்டியவர். 1850-இல் அவர் லண்டனில் இறந்தபோது அடக்கம் செய்யப் பணமில்லாமல் அவர் மனைவி பத்திரிகை மூலம் உதவி கேட்க நேர்ந்தது. கைதட்டினவர்கள் எல்லாம் எங்கே போனார்களோ!

இவ்வளவும் படித்த பிறகு எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். சுருதியையும் பந்தையும் ஒரே தராசில் நிறுத்துவது கஷ்டம்தான். ஆனால் என் குற்றம் அந்தக் கஷ்டத்தில் இல்லை. நல்ல நீதிபதியும் தவறான மார்க் போடலாம். அது அபிப்பிராய பேதம், மன்னிக்கலாம். பார்க்காமல் போட்ட மார்க், சரியாகவே இருந்தாலும், பொய். முப்பது என்று எழுதினபோது நான் ஒரு பொய் சாட்சி சொன்னேன்.

இதை நம் சமையலறையிலேயே பாருங்களேன். முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொள்ளும். கல் இன்னும் பழகவில்லை. அதற்காக மாவைக் குற்றம் சொல்கிறோமா? கடைசித் தோசையை யாருக்கு வார்க்கிறோம்? நமக்கே வார்த்துக்கொண்டு, அடுப்பங்கரையில் நின்றபடி சாப்பிடுகிறோம். அது எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. நடுவில் வந்த நாலைந்து முறுகல் தோசைக்குத்தான் பாராட்டு. முதலும் கடைசியும் எப்படிப்பட்ட இடங்கள் என்று நமக்குத் தெரியாதா? தெரிந்திருந்தும் நான் மறந்தேன்.

மறு வருஷம், 2025 பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்பே செயலாளரைப் பிடித்தேன். சில நிபந்தனைகள் போட்டேன். ஒன்று, நிகழ்ச்சி வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். இரண்டு, மூன்று நீதிபதிகள். அவர்கள் ஊரப்பாக்கத்துக்கு உள்ளேயே இருப்பவர்களாக இருக்க வேண்டும். வண்டலூர் நெரிசலை நம்ப முடியாது! மூன்று, ஐந்து கட்டக் காகிதம் வேண்டாம். மார்க்கோடு, ஒவ்வொருவர் நிகழ்ச்சியிலும் கண்ணால் கண்ட ஒரு விஷயத்தை ஒரு வரி எழுதி அவரவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு வரி எழுத முடியாவிட்டால் மார்க்கும் போடக் கூடாது. நான்கு, கடைசி உருப்படி முடிந்து பரிசு கொடுத்த பிறகுதான் சாம்பார் சாதத்தின் மூடியைத் திறக்க வேண்டும். நாலாவதற்குத்தான் பலத்த எதிர்ப்பு. போராடி ஜெயித்தேன்.

பந்து வித்தைப் பையன் பெயர் கொடுப்பானா என்று எனக்குத் திக்கென்று இருந்தது. ஒருநாள் லிஃப்டில் அகப்பட்டான். "போன வருஷம் நான் செய்தது தப்பு, கண்ணா" என்றேன்.

"பரவாயில்லை ஆன்ட்டி" என்றான். சற்று யோசித்துவிட்டு, "அடுத்த தடவை என்னை எட்டாவதாப் போடச் சொல்றீங்களா?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலஸ் தியேட்டரில் ஏறவேண்டிய பிள்ளை! "அது என் கையில் இல்லை, சீட்டில் இருக்கிறது" என்றேன்.

சீட்டுக் குலுக்கினார்கள். மாயாஜாலப் பெரியவருக்கு ஐந்தாவது. பையனுக்கு வந்தது என்ன தெரியுமா? முதலாவதேதான்! அவன் முகம் வாடிப்போயிற்று. எனக்கு அவனைவிட அதிகமாக வாடிப்போயிற்று. நானே கேட்டு வாங்கிய சீட்டு அல்லவா? பெரியவர் தம் சீட்டை மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். பையன் வேண்டாமென்றுவிட்டான். அதன் பிறகு சாயங்கால வேளைகளில் அவனும் பெரியவரும் மொட்டை மாடியில் ஏதோ பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

காணும் பொங்கல் வந்தது. நான் ஐந்தரை மணிக்கே மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். வழக்கம்போல நாற்காலிகள் இழுபட்டன, குழந்தைகள் ஓடின, யாரோ ஃபேனைத் திருப்பச் சொன்னார்கள். பையன் மேடைக்கு வந்தான். கையில் ஐந்து பந்துகள். ஆனால் அவன் வீசவில்லை. நடு மேடையில் அசையாமல் நின்று கூட்டத்தைப் பார்த்தான். கால் நிமிஷம் ஆயிற்று. அரை நிமிஷம் ஆயிற்று. என்ன ஆயிற்று இந்தப் பிள்ளைக்கு என்று முன் வரிசையில் பேச்சு நின்றது. பின் வரிசையில் நின்றது. கடைசியில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டு, அதுவும் ஓய்ந்தது. அப்போதுதான் முதல் பந்து மேலே போயிற்று.

ஐந்து பந்துகளைச் சுழற்றினான். ஒன்று ஒரே ஒரு முறை விழுந்தது. அதைக் குனிந்து எடுத்து, மறுபடி தொடங்கி, முடித்தான். கைதட்டல் எழுந்தது. ஓரத்தில் நின்றிருந்த பெரியவர் மட்டும் தட்டவில்லை, இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்.

முதல் பரிசு அவனுக்கு இல்லை. மூன்று பேரும் சேர்ந்து யோசித்து நாடகத்துக்குக் கொடுத்தோம். அவனுக்கு இரண்டாவது. அவனிடம் கொடுத்த சீட்டில் நான் எழுதியது ஒரே வரி: 'வீசுவதற்கு முன்னால் நீ நின்றாயே, அதைப் பார்த்தேன்.'